போர்டு போயிடுச்சா?

நேயர்களுக்கு வணக்கம்.

"சார், போர்டு போயிடுச்சு." சர்வீஸுக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சில சமயம் அது உண்மை. பல சமயம் அவசரத்தில் சொல்வது. டெஸ்க்டாப்பில் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களும் வந்து சேரும் அந்தப் பெரிய போர்டு, மாற்றுவதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூ கழற்றி மாட்டும் வேலை, பழகாத கைக்கே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால்தான் விஷயமே இருக்கிறது.

பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. முதலில் ரேமை, அதாவது போர்டில் செருகியிருக்கும் மெமரி அட்டையை, சந்தேகப்படுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் அடியில் தங்க நிறத்தில் மின்னும் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் துடைத்து, 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இதிலேயே எழுந்துவிடும் கம்ப்யூட்டர்கள் ஏராளம். எழவில்லையா? போர்டில் ஒரு சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டி, ரேமே இல்லாமல் ஆன் செய்து பாருங்கள். விட்டுவிட்டுக் கத்தினால் நல்ல சேதி. ரேமைக் காணோம் என்று புகார் சொல்கிற அளவுக்குப் போர்டும் புராசஸரும் உயிரோடு இருக்கின்றன. சத்தமே இல்லை என்றாலும் உடனே போர்டைப் பழிக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். நன்றாக ஓடும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பாருங்கள். ஃபேன் சுற்றுவதாலேயே எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

சரி, போர்டுதான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. அடுத்தது எந்தப் போர்டு வாங்குவது. புராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அது மட்டும் போதாது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5-7400, எட்டாம் தலைமுறை ஐ5-8400 இரண்டுக்கும் சாக்கெட் பெயர் எல்ஜிஏ 1151தான். ஆனால் முதலாவதற்கு ஹெச்110 மாதிரியான போர்டு, இரண்டாவதற்கு ஹெச்310 மாதிரியான போர்டு. மாற்றிப் போட்டால் உள்ளே அழகாக உட்காரும், ஓடாது. கடையில் "1151 போர்டு கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கிவருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட் பல தலைமுறைகளுக்குத் தாக்குப்பிடித்தது. ஆனாலும் போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருள் பழசாக இருந்தால் புதிய புராசஸரைப் போர்டு அடையாளம் காணாது. கம்பெனியே மொத்தமாகக் கோர்த்து விற்ற டெஸ்க்டாப் என்றால் இன்னும் கவனம். போர்டின் அளவும் பவர் கனெக்டரும் பலவற்றில் தனி ரகம், வெளிக்கடைப் போர்டு அந்தக் கேபினெட்டில் உட்காராது.

பழைய புராசஸருக்குப் புதுப் போர்டு தேடி அலையலாமா என்றும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. அதனால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய புராசஸருக்காகச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் போர்டு தேடுவதைவிட, போர்டு, புராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. லினக்ஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் தாராளமாகப் பழையதையே தேடலாம்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் எதுவும் செய்யாமலே உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தப் பூட்டின் சாவி போர்டோடும் புராசஸரோடும் சேர்ந்த டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. போர்டை மாற்றியதும் திரையில் நீல நிறத்தில் ஒரு கேள்வி வரும்: 48 இலக்க ரெக்கவரி கீ என்ன? அது இல்லையென்றால் டிஸ்க் முழுசாக இருந்தும் கல்யாண ஃபோட்டோ, கடைக் கணக்கு எதுவும் வெளியே வராது. அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பார்க்கலாம். போர்டு நல்லபடியாக இருக்கும்போதே, இன்றைக்கே எழுதி வையுங்கள். விண்டோஸ் லைசென்ஸும் போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. கம்ப்யூட்டரோடு வந்த லைசென்ஸ் புதுப் போர்டுக்குச் செல்லாமல் போகலாம்.

மாட்டும்போது இரண்டு இடங்கள் மட்டும். கேபினெட்டில் போர்டின் அடியில் அதைத் தாங்கும் சின்னப் பித்தளைக் கால்கள், அதாவது ஸ்டாண்ட்-ஆஃப்கள் இருக்கும். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று மிச்சம் நின்றால், அது பின்பக்கத்தில் உரசி ஷார்ட் ஆகிவிடும். எண்ணிப் பார்த்து அதைக் கழற்றிவிடுங்கள். அப்புறம் இன்டெல் சாக்கெட்டுக்குள் இருக்கும் ஊசிகள். தலைமுடி மாதிரி மெல்லியவை, விரல் பட்டாலே வளையும், வளைந்தால் வாரன்டி கிடைக்காது. மேலே மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

எல்லாம் முடிந்து ஆன் செய்கிறீர்கள், திரை இருட்டாகவே இருக்கிறது. டிடிஆர்5 என்ற புதிய ரக ரேம் போட்ட புதுப் போர்டு என்றால் பதற வேண்டாம். முதல் தடவை அது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் சுவிட்சை அணைக்காமல், போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

நன்றி, வணக்கம்.