கண்ணு நூல்ல, காது கதையில

வணக்கம் நேயர்களே. குரோஷா, அதாங்க கொக்கி வெச்ச ஒத்தை ஊசியால நூல் பின்றது, அதப் பத்தி பேச வாங்கன்னு கூப்பிட்டப்ப, ரேடியோல ஊசியையும் நூலையும் எப்படிங்க காட்டுறதுன்னு கேட்டேன், நீங்க பேசுங்க மேடம் அது போதும்னுட்டாங்க. ஊசி இப்பவும் கையிலதான் இருக்கு, நடுவுல பேச்சு நின்னுச்சுன்னா நான் கண்ணி, அதான் நூல் வளையம், எண்ணிட்டிருக்கேன்னு வெச்சுக்கோங்க.

முப்பது வருஷம் கவுண்டர்ல உக்காந்து மனுஷங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தவ நான், ரிட்டயர் ஆன மொத வருஷம் வீட்டுச் செவுத்த பாத்துட்டு உக்காந்திருந்தேன், செல்ஃபோன தேச்சு தேச்சு கட்டைவிரல் வலி வந்ததுதான் மிச்சம். கீழ்வீட்டம்மாதான் ஒரு 4 மில்லிமீட்டர் ஊசியும் மிச்சம் விழுந்த உல்லன் உருண்டையும் குடுத்து, கண்ணிக்குள்ள கண்ணி விட்டு சங்கிலி போட்டுட்டே இருங்க, வேற எதையும் யோசிக்காதீங்கன்னாங்க. போட்டேன். தாம்புக்கயிறு மாதிரி இறுகிப்போய் ஊசியே உள்ள நுழையல. அவங்க நூல் முனையப் புடிச்சு ஒரே இழுப்பு, சர்ருனு மொத்தமும் பிரிஞ்சுருச்சு. எனக்கு பகீர்னு ஆயிருச்சு, அவங்க சிரிக்கிறாங்க.

குரோஷாவோட சமாச்சாரமே அதுதாங்க. ஒரு தையல் முடிச்சா ஊசியில ஒரே ஒரு கண்ணிதான் நிக்கும், தப்பாச்சுன்னா உருவிட்டு அங்கேருந்தே திரும்பப் போடலாம், நூலும் வீணாகாது. ரெண்டு ஊசி ஸ்வெட்டர் பின்னல்ல வரிசை முழுக்க ஊசியில நிக்கும், ஒரு கண்ணி நழுவுச்சுன்னா ஏணி மாதிரி கீழ வரைக்கும் இறங்கிடும், அதுக்கெல்லாம் என்கிட்ட பொறுமை கெடையாது.

2013ல பிரிட்டிஷ் ஆக்குபேஷனல் தெரபி ஜர்னல்ல ஒரு சர்வே வந்துச்சு, ரெண்டு ஊசிப் பின்னல் போடுறவங்க 3,545 பேர்கிட்ட ஆன்லைன்ல கேட்டிருக்காங்க. அடிக்கடி பின்றவங்க மனசு அமைதியா சந்தோஷமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. பின்றவங்களையே கேட்டா வேற என்ன சொல்லுவாங்க, அல்வா கடைக்காரர்கிட்ட அல்வா எப்படின்னு கேட்ட கதைதான்! ஆனா கூட்டமா உக்காந்து பின்றவங்களுக்கு நாலு பேரோட பழக்கம் நல்லாயிருக்குன்னும் அதுல வந்திருக்கு, அத நான் நம்புறேன், ஏன்னா கண்ணால பாத்திருக்கேன்.

புதன்கெழமை மத்தியானம் எங்க அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்ல ஏழெட்டு பேர் சேர் போட்டு உக்காருவோம். அதுல ஒரு அக்கா, 2016 ஜனவரில சென்னையில மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு கின்னஸ் சாதனை பண்ணாங்களே, 11,148.5 சதுர மீட்டர் போர்வை, அதுக்கு சதுரம் போட்டுக் குடுத்தவங்க. அப்புறம் அதெல்லாம் பிரிச்சு இல்லாதவங்களுக்கே போர்வையா போச்சாம். சாதனைய விட அந்த சதுரத்த இப்ப யாரு போத்திட்டிருப்பாங்கன்னுதான் அக்காவுக்கு யோசன.

ஒரு நாள், ரொம்ப பேசாத ஒரு அம்மா, மூணாவது வரிசை போட்டுட்டே, தலைய நிமிராம, "எம்பையன் என்கிட்ட பேசி எட்டு மாசமாச்சு"ன்னாங்க. எதிர்ல உக்காந்து என்ன கஷ்டம்னு கேட்டிருந்தா சத்தியமா சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்களும் நிமிரல. கொஞ்ச நேரங்கழிச்சு அக்கா மட்டும், "நூல் இருக்கா, வேணுமா"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்தம்மா ஒரு மணி நேரம் பேசுனாங்க.

அன்னிக்கு எனக்கு எண்ணிக்கையே தப்பிப்போய் சதுரத்துக்கு அஞ்சு மூலை வந்துருச்சு. உருவப்போனேன், அந்தம்மா அத என் கையிலேருந்து வாங்கி அவங்க பையில போட்டுட்டாங்க. இப்ப அவங்க வீட்டு தண்ணி ஜக்க மூடிட்டு கெடக்கு.