வன்னிக் கரையில் எடுக்கிற படம் எல்லாம் ஒரே மாதிரி வருகிறதா?

சரி, அடுத்த கேள்வி. புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, முல்லைத்தீவிலும் எடுத்தேன், நாயாற்றிலும் எடுத்தேன், எல்லாமே மேலே வானம், நடுவே கடல், கீழே மணல் என்று ஒரே மாதிரித்தான் வருகிறது. கமராவை மாற்ற வேண்டுமா?”

வேண்டாம் தம்பி, காசை வைத்திருங்கள். நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள், அதுதான் சிக்கல். கடலை எங்கே நின்று எடுத்தாலும் ஒரு கோடுதான், ஊருக்கு ஊர் மாறுவது கரை. ஒருமுறை கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பாருங்கள். அடம்பன் கொடி, மீனவர் தங்குகிற வாடி, காயப்போட்ட வலை, கொஞ்சம் உள்ளே போனால் கடல்நீர் தேங்கி நிற்கிற களப்பு, கண்டல் மரம் என்று எத்தனை கிடக்கிறது!

முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலையே எடுங்கள். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல் களப்பு. காலையில் வெயில் கடல் பக்கமிருந்து நேரே லென்ஸுக்குள் வரும், வள்ளமும் ஆட்களும் கறுப்பு உருவமாகத்தான் விழும், அதுவும் வடிவுதான், ஆனால் கடலின் நீலம் வேண்டுமென்றால் பின்னேரம் மூன்றரை நான்கு மணிக்குப் போங்கள், அப்போது வெயில் உங்கள் முதுகில் இருக்கும். அப்புறம் இருட்டுகிற நேரம் திரும்பி நின்றால் பொழுது களப்புக்குள் சாயும். ஒரே இடத்தில் நின்று விடியலும் எடுக்கலாம், அந்தியும் எடுக்கலாம். ஒன்று சொல்ல வேண்டும், 2009 இல் போரின் முடிவில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் உறவுகளைப் பறிகொடுத்த இடம் அது. மே மாதம் பூ வைக்க வருகிறவர்களின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டாதீர்கள்.

கரைவலை இழுக்கிற இடம் கிடைத்தால் விடாதீர்கள். முதலில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, தண்ணீர் ஓரமாகக் குந்துங்கள். அலை பின்வாங்கியதும் ஈரமணல் இரண்டு மூன்று விநாடி கண்ணாடி மாதிரி மினுங்கும், அதற்குள் இழுக்கிறவர்களின் கால்கள் தலைகீழாகத் தெரியும், கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டும். ஷட்டர் வேகம் 1/500 வைத்தால் அந்தச் சொட்டும் நிற்கும். நின்றுகொண்டு எடுத்தால் இதில் ஒன்றும் வராது.

மேற்குக் கரை வேறு உலகம். மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரில் செம்மண் மேடு கடலைப் பார்த்து நிற்கிறது, பிரித்தானிய ஆளுநர் நோர்த் கட்டிய பழைய மாளிகை கொஞ்சம் கொஞ்சமாக இடிந்துகொண்டிருக்கிறது. எல்லோரும் மேட்டில் நின்று சூரியன் மறைவதை எடுக்கிறார்கள், நீங்கள் கீழே இறங்கி மேட்டை எடுங்கள், அந்தி வெயிலில் அந்த மண் அப்படியே சிவந்து எரியும். வங்காலையில் மாரி முடிந்த கையோடு பூநாரை நிற்கும். கிட்டப் போகாதீர்கள், பறந்துவிடும். காற்றையும் பாருங்கள், தென்மேற்குக் காற்றான சோழகம் வீசுகிற காலத்தில் மன்னார்ப் பக்கம் கடல் குமுறும், முல்லைத்தீவு அடங்கிக் கிடக்கும், வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்கு இது தலைகீழாகும்.

உப்புக்காற்று லென்ஸில் படிந்தால் சட்டைத் தலைப்பால் துடைக்காதீர்கள். நான் அலம்பிலில் அப்படித் துடைத்து, மணலும் சேர்ந்து, ஒரு நல்ல ஃபில்டரைக் கீறிவிட்டேன். முதலில் மணலை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

அடுத்தது, போனிலேயே எடுக்கிற ஒரு தங்கச்சியின் கேள்வி.