செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு யார் பெயரில் விற்கிறது?

(சேலத்தில் சிறுதொழில் செய்வோர் கூட்டம் ஒன்றில் பேசியது, எழுத்து வடிவில்)

எல்லோருக்கும் வணக்கம். விசிட்டிங் கார்டு அச்சடித்துப் பிழைப்பவனைக் கூப்பிட்டு, ஃபோனில் ப்ரொஃபைல் வைப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நம் பிழைப்பில் நாமே மண்ணைப் போடப் போகிறோமா என்று வீட்டில் கேட்டார்கள். ஆனாலும் இதற்கு அச்சகக்காரன் பொருத்தமான ஆள்தான். உள்ளங்கை அகல அட்டையில் ஒருவர் தன்னைப் பற்றி எதையெல்லாம் சொல்ல ஆசைப்படுகிறார், எதைச் சொல்ல மறக்கிறார் என்று தினமும் பார்க்கிறேன். அட்டையில் நடப்பதேதான் ஃபோனிலும் நடக்கிறது.

சேலம் செய்கிற ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் வெள்ளிக் கொலுசு செய்கிறோம், வெண்பட்டு நெய்கிறோம், இளம்பிள்ளையிலிருந்து சேலை மூட்டை மூட்டையாகப் போகிறது. மலை மேலே ஏற்காட்டில் காப்பியும் மிளகும். ஜவ்வரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-லேயே சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் வைத்த ஊர் இது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. வடக்கே விரத நாளில் சாபுதானா கிச்சடி கிண்டுகிற வீட்டில் போய் இது எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் தெரியாது. பாக்கெட்டில் இருப்பது அங்கே பொட்டலம் போட்டவர் பெயர். கொலுசுக்கும் இதே கதிதான். பட்டறையில் பொடி வைத்து ஊதியவர் ஒருவர், மெருகு போட்டவர் ஒருவர்; மொத்த வியாபாரி கை மாறி, கடைக்காரரின் சிவப்பு டப்பாவில் உட்கார்ந்ததும் செய்தவர் பெயரும் போச்சு, செவ்வாய்ப்பேட்டையும் போச்சு.

எப்போதும் இப்படி இருந்த ஊர் அல்ல. டி.ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கினார். படம் எந்த ஊர்க் கொட்டகையில் ஓடினாலும், மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் சேலம் என்று தமிழ்நாட்டுக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெயரைக் கொண்டுசேர்க்க அவருக்கு ஒரு ஸ்டுடியோ தேவைப்பட்டது. உங்களுக்கு அரை மணி நேரமும் ஒரு ஃபோனும் போதும். அதைத்தான் பலர் செய்யவில்லை.

செய்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள்? நாலு பேர் வேலை செய்கிற பட்டறை. தொழில் தொடர்புக்கான லிங்க்ட்இன் தளத்தில் போய்ப் பார்த்தால் 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி, தொலைநோக்காளர்' என்று இருக்கிறது. வாட்ஸப்பில் படம் இருக்கும் இடத்தில் முருகர். அதற்குக் கீழே 'ஹே தேர், ஐ ஆம் யூசிங் வாட்ஸப்' என்று கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த வரி அப்படியே கிடக்கிறது. முருகர் இருக்கட்டும், நானும் கும்பிடுகிறவன்தான். அவரை ஸ்டேட்டஸில் வையுங்கள். ப்ரொஃபைல் படத்தில் சரக்கோ கடையோ உங்கள் முகமோ இருக்கட்டும்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலும் உங்களைப் பற்றி ஏற்கெனவே யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவர். மதுரையிலோ விஜயவாடாவிலோ நகைக்கடை வைத்திருப்பவர். 'சேலத்தில் இவரிடம் கேட்டுப் பாருங்கள்' என்று ஒரு நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்க்கிறார். இந்த ஆள் உண்மையிலேயே தொழில் செய்கிறாரா, எனக்கு வேண்டியதைச் செய்கிறாரா, எவ்வளவு எடுத்தால் கொடுப்பார், எந்த மொழியில் பேசலாம் – இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரி இதில் எதற்குமே பதில் சொல்லாது. அந்த வரியை எத்தனையோ பேருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன், காசும் வாங்கியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

இப்படி எழுதலாம்: 'சேலம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளிக் கொலுசு மொத்தமாகச் செய்து தருகிறோம். குழந்தைக் கொலுசு 5 இன்ச் முதல், பெரியவர்களுக்கு 11 இன்ச் வரை. டச் எழுதித் தருவோம். தமிழ், தெலுங்கு பேசுவோம்.' டச் என்றால் வெள்ளி எவ்வளவு சுத்தம் என்ற கணக்கு. இப்படி எழுதியதில் ஒரு பெருமை வார்த்தை கிடையாது. ஆனால் விஜயவாடாக்காரர் இதைப் படித்தால் கூப்பிடுவார். இன்ஸ்டாகிராமில் இந்த இடத்துக்கு 150 எழுத்துதான் தருகிறார்கள், அதனால் அங்கே இன்னும் சுருக்க வேண்டியிருக்கும். லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 வரை இடம் உண்டு. இடம் இருக்கிறதே என்று நிரப்பாதீர்கள்.

படம் எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெள்ளி கேமராவுக்குப் பிடிக்காத சரக்கு. வெயிலில் வைத்து எடுத்தால் பளீரென்று வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரியும். டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் அலுமினியம் மாதிரி இருக்கும். காலை நேரத்தில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில், கறுப்போ மெரூனோ ஒரு துணியை விரித்து எடுங்கள். திருகாணிப் பக்கத்தைக் கிட்டத்தில் ஒரு படம். தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒரு படம். வியாபாரிகளுக்கென்றே இருக்கிற வாட்ஸப் பிசினஸ் ஆப்பில் கேட்டலாக் என்று ஒரு இடம் இருக்கிறது, இதையெல்லாம் அங்கே போட்டு வையுங்கள். 500 அயிட்டம் வரை போடலாம், இலவசம்.

இங்கே பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன், 'டிசைனைப் போட்டால் பக்கத்துப் பட்டறைக்காரன் காப்பி அடித்துவிடுவானே' என்றார். நியாயமான பயம். ஆனால் நீங்கள் போடாவிட்டாலும் அந்த டிசைன் தெருவைத் தாண்டாமலா இருக்கிறது? புதுசைப் போடாதீர்கள், ஆர்டர் முடிந்து சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு போடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, அதை யாரும் மேடையில் பேசுவதில்லை. இத்தனை வருஷம் உங்களிடம் கிலோக் கணக்கில் எடுக்கிற வியாபாரி, உங்கள் இன்ஸ்டாகிராமில் ஒற்றை ஜோடிக்கு விலை போட்டிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'என் கஸ்டமருக்கே நேராக விற்கிறாயா' என்பார். அவர் கோபம் சரியானது. அதனால் முதலில் முடிவு பண்ணுங்கள்: இந்த ப்ரொஃபைல் கடைக்காரர்களுக்கா, வீட்டுக்காரர்களுக்கா? மொத்த வியாபாரம்தான் சோறு போடுகிறது என்றால் விலையே போடாதீர்கள், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று போடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் சில்லறைக்கு வேறு பெயர், வேறு நம்பர், முடிந்தால் வேறு டிசைன். இரண்டு படகிலும் கால் வைத்துவிட்டு, வியாபாரி போன பிறகு இன்டர்நெட்டைத் திட்டுவதில் பயனில்லை.

கூகுள் மேப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேப்பில் உங்கள் கடையைக் காட்டுகிற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் இலவசம். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்கள்' என்று ஃபோன் வந்தால் வைத்துவிடுங்கள். தேடுவதோடு பொருந்துகிறதா, எவ்வளவு பக்கம், எவ்வளவு பேர் அறிந்த கடை – இந்த மூன்றையும் வைத்துத்தான் யாரை மேலே காட்டுவது என்று கூகுள் முடிவு செய்கிறது. காசு கொடுத்து அந்த வரிசையை மாற்ற முடியாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கடை அடைப்பீர்கள், அதை அதில் குறித்து வையுங்கள். ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் கோபத்தை ஒற்றை ஸ்டாரில் காட்டிவிடுவார். அப்புறம் ஊர்ப் பெயர். இளம்பிள்ளையை ஆங்கிலத்தில் சிலர் 'I' போட்டுத் தொடங்குகிறார்கள், சிலர் 'E' போட்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். ரிவ்யூ போட்டால் காப்பித்தூள் பாக்கெட் இலவசம் என்று கொடுப்பது கூகுள் விதிப்படி தப்பு. குறை சொன்னவருக்கு இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலை அவர் படிக்கிறாரோ இல்லையோ, அடுத்து ரூம் போடப் போகிறவர் படிப்பார்.

இனி தொடர்புகள். மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு வழிகாட்டியவர் எப்போதாவது பார்க்கிற ஆள், இல்லாவிட்டால் கிட்டத்தட்ட மறந்தே போன ஆள். நம் தெருவை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று புரியும். ஒரே டீக்கடையில் நிற்கிற பத்துப் பட்டறைக்காரருக்கும் தெரிந்தது ஒன்றேதான்: இன்றைய வெள்ளி விலை, எந்த வியாபாரி பணம் இழுத்தடிக்கிறார். ராஜமுந்திரியில் புதிதாக ஒரு கடை திறக்கப் போகிறது என்ற சேதி அந்த டீக்கடைக்கு வராது. எப்போதோ கண்காட்சியில் கார்டு மாற்றிக்கொண்டவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அதற்காக முன்பின் தெரியாத ஐயாயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம். 2022-ல் லிங்க்ட்இன்னில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 'சயின்ஸ்' இதழில் வந்தது. ரொம்ப நெருக்கமானவரும் இல்லை, ஒட்டே இல்லாதவரும் இல்லை. நடுவில், இருவருக்கும் பொதுவாகச் சிலரைத் தெரிந்திருக்கிற அரைகுறைப் பழக்கம்தான் வேலைக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஆய்வு வேலை தேடியவர்களைப் பற்றியது என்றாலும், ஆர்டர் தேடுகிறவருக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். உங்கள் மேஜை டிராயரில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிற கார்டுக் கட்டு இருக்கிறதே, அதில் இருப்பவர்கள்தான் இந்த நடு ஆட்கள். ஒவ்வொருவராகத் தேடிச் சேருங்கள்.

சேர்க்கும்போது வெறும் 'ஹாய்', 'குட்மார்னிங்' ரோஜாப்பூ வேண்டவே வேண்டாம். 'சார், கோயம்புத்தூர் கண்காட்சியில் சந்தித்தோம், நீங்கள் குழந்தைக் கொலுசு கேட்டீர்கள். இப்போது 6 இன்ச்சில் எடை குறைவாகச் செய்கிறோம், படம் அனுப்பட்டுமா?' அவ்வளவு போதும். அவர் சரி என்றால் உங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு அனுப்பினால், உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் போய்ச் சேரும். இது தெரியாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் பட்டறையில் இருக்கிற பையனிடம் விட்டுவிடுகிறீர்கள். விடுங்கள், அவனுக்குத்தான் வேகமாக வரும். ஆனால் கணக்கு உங்கள் நம்பரிலும் உங்கள் மெயிலிலும் இருக்கட்டும். அவன் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் கஸ்டமர் எல்லோரும் அவன் ஃபோனோடு போய்விடக் கூடாது. வாட்ஸப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன், அதாவது ஓடிபியோடு உங்களுக்கு மட்டும் தெரிந்த பின் நம்பரையும் கேட்கிற பூட்டு, போட்டு வையுங்கள். ஆறு இலக்க ஓடிபி யார் கேட்டாலும், சொந்த மச்சான் நம்பரிலிருந்தே மெசேஜ் வந்தாலும், கொடுக்காதீர்கள். மச்சான் கணக்கு ஏற்கெனவே யார் கையிலோ போயிருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஓர மேஜையில் இருப்பேன். கூகுள் மேப்பில் கடை வேறு சந்தில் காட்டுகிறது என்பவர்கள் ஃபோனை எடுத்துக்கொண்டு வாருங்கள்.