வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும் உலகை மாற்றிய பேச்சுகளும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், ஒரு தலைமுறைக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நாள் முழுக்க வேலை பார்த்த களைப்போடும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் கல்வித்துறை அலுவலர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய நூலகர் தம்பி அவர்களே, புதுச்சேரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, நாற்காலியும் மைக்கும் தந்ததோடு நாம் கேட்காமலேயே தேநீருக்கும் ஏற்பாடு செய்திருக்கும் கடைவீதி வணிகப் பெருமக்களே, தாய்மார்களே, பின்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைமையாசிரியர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் எனக்கு மனம் ஆறாது. கணக்கு வாத்தியார் என்றால் பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள். ஐயாவோ கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடும் பிள்ளையிடம், "வாயாலும் சொல்லிக்கிட்டே போடு" என்பார். சாக்பீஸ் நகர நகரக் குரலும் கூடவே வரவேண்டும். அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள். ஐயா, இன்று நான் பேசப்போகிற விஷயத்தை நீங்கள் வகுப்பறையில் செய்தே காட்டியிருக்கிறீர்கள். எனக்குப் போர்த்திய பொன்னாடையை உங்கள் தோளில் போர்த்த அனுமதிக்க வேண்டும்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'உலக வரலாற்றை மாற்றிய சொற்பொழிவுகள்'. லிங்கன், காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங், தெ கோல், மண்டேலா என்று ஐந்து பேரை எடுத்து வைத்திருக்கிறேன். எந்த மேடை ஏறினாலும் நான் சொல்லுகிற பழமொழி உங்களுக்குத் தெரியும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இந்த ஐந்து பேரும் வாயால் தானும் பிழைத்து, ஊரையும் பிழைக்க வைத்தவர்கள்.

இந்தத் தலைப்பைப் பேசக் கடலூருக்குத் தகுதி இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட திருநாவுக்கரசர் பதிகம் பாடிக் கரையேறியது நம்முடைய திருப்பாதிரிப்புலியூர் என்கிறது தலபுராணம். வடலூர் வள்ளலார் 1873இல் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவைத்துச் செய்த பேருபதேசத்தை இன்றைக்கும் வரிவரியாக ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வள்ளலார் முதன்முதலில் சொற்பொழிவு செய்த கதையும் அழகானது. சமயச் சொற்பொழிவு செய்யவேண்டிய அண்ணனுக்கு உடம்புக்கு முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் போன தம்பியின் பேச்சைக் கேட்டவர்கள், இனிமேல் இந்தப் பிள்ளையே பேசட்டும் என்றார்களாம். முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலையம்மாள் 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய வெள்ளைக்காரத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் சிறைக்குப் போனார். பத்தே ஆண்டில், 1937இல், சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைந்தார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் அந்தப் பெயரை மறக்கக்கூடாது.

சரி, லிங்கனுக்கு வருகிறேன். 1863 நவம்பர் 19, கெட்டிஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அந்த ஜூலையில் அங்கே மூன்று நாள் நடந்த சண்டையில் மாண்ட வீரர்களுக்கான கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்கும் நிகழ்ச்சி. அன்றைய முதன்மைப் பேச்சாளர் லிங்கன் இல்லை, எட்வர்ட் எவரெட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்தவர், பெரிய நாவலர். இரண்டு மணி நேரம் பேசினார். அதன்பிறகு எழுந்த லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள்தான். இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. மறுநாளே எவரெட் அவருக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் தொட்ட மையக்கருத்தை, நான் இரண்டு மணி நேரத்தில் நெருங்கியிருந்தாலே மகிழ்ச்சி அடைவேன் என்பது அதன் சாரம். அந்தப் பெருந்தன்மைக்காக எவரெட்டை எனக்கு லிங்கனைவிட ஒருபடி கூடவே பிடிக்கும்.

லிங்கன் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஓராண்டு தேறாது என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு பேச எங்கே கற்றார்? நியூ சேலம் என்ற சிற்றூரில் ஒரு விவாத மன்றம் இருந்தது. இளைஞர்கள் கூடுவார்கள், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வாதாடுவார்கள். மரம் வெட்டியும் கடையில் நின்றும் வயிறு கழுவிய இளைஞர் அங்கே எழுந்து நின்று பழகினார். மன்றம் என்ற சொல்லை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திரும்ப வருவேன்.

காந்தியடிகளின் கதை இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்து, பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு. கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தலை சுற்றியது, நாக்கு ஒட்டிக்கொண்டது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அதே மனிதர்தான் 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் கோவாலியா குளத் திடலில் 'செய் அல்லது செத்து மடி' என்றார். விடிவதற்குள் அவரையும் தலைவர்களையும் கைது செய்தது வெள்ளை அரசு. அந்த ஒரு பேச்சுக்கு அவ்வளவு பயம்!

இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று பேசினார். தம் வாழ்க்கையில் முதல் பொதுப்பேச்சு என்று அதைத்தான் தன்வரலாற்றில் குறிக்கிறார். எதிரே இருந்தவர்கள் தம் நாட்டு மக்கள். பேசிய விஷயம் அவர்கள் கடைக்குள்ளே நடப்பது. தன்னைச் சுற்றியிருப்பவர்களிடம், தனக்குத் தெரிந்ததைப் பேசச் சொன்னால் ஊமைப்பிள்ளை என்று நாம் முத்திரை குத்திய பிள்ளையும் பேசும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். வாய் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது, திறக்க ஓர் இடம்தான் வேண்டும்.

இப்போது மார்ட்டின் லூதர் கிங். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், லிங்கன் நினைவிடத்தின் படிக்கட்டு, எதிரே இரண்டரை லட்சம் பேர். 'எனக்கு ஒரு கனவு உண்டு' என்று அவர் பேசியதை எல்லோரும் சொல்லுவார்கள். நான் இன்று அந்தப் படிக்கட்டுக்குப் போகவில்லை. பத்தொன்பது ஆண்டு பின்னால் போய், ஒரு பஸ்ஸுக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மாணவர்களே, கவனமாகக் கேளுங்கள், இது உங்கள் வயசுப் பையனின் கதை.

1944 ஏப்ரல். கிங்குக்குப் பதினைந்து வயது, அட்லாண்டாவில் பள்ளி மாணவர். ஜார்ஜியா மாநிலத்தின் டப்ளின் என்ற ஊரில் பேச்சுப்போட்டி. தலைப்பு, கறுப்பின மக்களும் அரசியல் சட்டமும். துணைக்குப் பிராட்லி என்ற ஆசிரியை. பையன் மேடை ஏறிச் சட்டத்தில் சொல்லியிருக்கிற சமத்துவத்தைப் பேசுகிறான். அந்தப் போட்டியில் வென்றதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். எவ்வளவு பூரிப்பாக இருந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்! நம் வீட்டுப் பிள்ளை போட்டியில் பேசிவிட்டு டீச்சரோடு திரும்பி வருகிற இரவு. பஸ் ஏறி இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வழியில் வெள்ளையர்கள் சிலர் ஏறினார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். "எழுந்திரு" என்றான். பையன் உடனே எழவில்லை. ஓட்டுநர் வாய்க்கு வந்தபடி ஏசினான். பையன் கையை இறுக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குத்தான் கைதட்டு வாங்கிய பிள்ளை அது! டீச்சர் பயந்துபோனார். வெள்ளையருக்கு இடம் விடவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எழுந்துவிடப்பா என்று மன்றாடினார். அந்த அம்மாவின் முகத்துக்காக எழுந்தான். அட்லாண்டா வரைக்கும் 90 மைல், நம் கணக்கில் ஏறக்குறைய 145 கிலோமீட்டர், ஆசிரியையும் மாணவனும் நடுவழியில் நின்றுகொண்டே வந்தார்கள். இங்கே ஏறினால் கும்பகோணத்தையும் தாண்டுகிற தூரம். வாழ்க்கையில் அவ்வளவு கோபம் வந்த இன்னொரு நாள் கிடையாது என்று பின்னாளில் சொன்னார் கிங்.

அந்தக் கோபத்தை என்ன செய்தார்? பதினோரு ஆண்டு கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கொமரி நகரப் பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பின அம்மையார் வெள்ளையருக்காக எழ மறுத்தார், கைதானார். டிசம்பர் 5 மாலை தேவாலயம் நிறையக் கூட்டம், வெளியேயும் கூட்டம். பேசவேண்டியவர் கிங், வயது இருபத்தாறு. பேச்சைத் தயார் செய்ய அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடம் போல. இருபது நிமிடத்தில் யாரால் தயாராக முடியும்? பதினைந்து வயதிலிருந்து தயாராகி வந்தவரால் முடியும். அங்கே பேசினார், மக்கள் நடந்தார்கள். 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ் ஏறவில்லை. வேலைக்கு நடந்தார்கள், சந்தைக்கு நடந்தார்கள், கிழவிகள் நடந்தார்கள். பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே ஏறினார்கள், விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். 1963இல் வாஷிங்டனில் எழுதிவந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பாடகி மகேலியா ஜாக்சன், "அந்தக் கனவைச் சொல்லுங்க மார்ட்டின்" என்று குரல் கொடுக்க, தாளை விட்டுவிட்டுப் பேசினாரே, அந்தத் துணிச்சலும் டப்ளின் ஊர்ப் பள்ளிப்போட்டியில் முளைத்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரெஞ்சுத் தளபதி தெ கோலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், புதுச்சேரி நண்பர்களுக்காக. 1940 ஜூன் 14இல் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்தது. 18ஆம் தேதி லண்டன் பிபிசி வானொலியில், எதிர்ப்பை விடாதீர்கள், என்னோடு சேருங்கள் என்று பிரெஞ்சுக்காரர்களை அழைத்து அவர் பேசினார். அன்று வானொலியில் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஒலிப்பதிவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த அழைப்பின் பக்கம் அதே ஆண்டிலேயே புதுச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகம் வந்து சேர்ந்தது. அதே புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும், எட்டு மணிநேர வேலைக்காக ஆலை வாசலில் நின்று பேசியவர்களையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும். 1964இல் மண்டேலா குற்றவாளிக் கூண்டில் நின்று பேசியதை நேரம் கருதி விடுகிறேன். நூலகத்தில் தம்பியிடம் கேட்டு எடுத்துப் படியுங்கள்.

ஏனென்றால் எனக்கு இதைவிட அவசரமான ஒன்று சொல்ல இருக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்த பெரியவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நினைவிருக்கும். மாணவர் மன்றம். ஒரு மேசை, அதன்மேல் யார் வீட்டிலிருந்தோ வந்த துணி. ஒரு மாணவன் தலைவர், ஒரு மாணவி செயலர். போனவாரக் கூட்டத்தின் அறிக்கையை வாசிக்க வேண்டும். பாட்டு, பேச்சு, கதை, கடைசியில் நன்றியுரை. வாத்தியார் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும், சொல் மறக்கும், வகுப்பு சிரிக்கும். அடுத்த சுற்றில் நடுக்கம் பாதியாகும். இந்த மேடையில் இருக்கிற எங்களில் பலர் அங்கே முளைத்தவர்கள்தான்.

இன்று அந்த பீரியட் பல பள்ளிகளில் கால அட்டவணையில் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது, யூனிட் டெஸ்ட் நடக்கிறது. ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு அவர்கள் கழுத்தைப் பிடிக்கிறோம், பாடத்தை முடி என்கிறோம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு முழுக்க எழுத்துத் தேர்வு. பேசத் தெரிந்ததற்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

பேச்சுப்போட்டிகள் நடக்கின்றனவே என்பார்கள். நடக்கின்றன, நல்லதுதான். ஆனால் போட்டிக்குப் போகிறவள் ஏற்கெனவே பேசத் தெரிந்த ஒருத்தி. வகுப்பில் மற்ற முப்பத்தொன்பது பேர் அவளுக்குக் கைதட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு அந்த முப்பத்தொன்பது பேரும் வேண்டும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம்மைப் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. கணக்கெடுக்க வந்தவர்கள் முன்னால், நாற்பது வருஷம் மரம் வளர்த்த பெரியவர்கள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். என்ன போயிற்று, எவ்வளவு போயிற்று என்று கோவையாகச் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவில் ஒரு பிளஸ் டூ பெண் மட்டும் முன்னால் வந்து, சர்வே எண், மரக்கணக்கு, வயசு எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அவளே சொன்னாள். அவள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் பாட்டி சொன்னதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன்.

தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கும் தாழங்குடாப் பிள்ளைக்கும் சிப்காட் வாசலில் குடியிருக்கிற பிள்ளைக்கும் அந்த வாய் வேண்டும். கல்வித்துறை அலுவலர் அவர்களே, உங்கள் முகத்தைப் பார்த்தே கேட்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எந்தத் தேர்வும் வைக்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையும் பேசட்டும். எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். வலை பின்னுவதைப் பேசட்டும், பஸ் வராததைப் பேசட்டும். வாரம் நாற்பது நிமிடம் போதும். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் உதவிக்கு வரத் தயார் என்று தலைமையாசிரியர் ஐயா என்னிடம் சொல்லியிருக்கிறார்; மேடையிலேயே தலையசைக்கிறார், பாருங்கள்.

இதை மனுவாக எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். எந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளை படிக்கிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வருகிற திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கிறோம். மனுவைக் கொடுத்துப் பேசப்போவது நான் இல்லை, பின்வரிசையில் இருக்கிற பதினோராம் வகுப்பு மாணவிகளில் ஒருவர். வரமுடிந்த பெற்றோர்கள் காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். நன்றி, வணக்கம்.