1990 மியாட்டாவுக்கு எந்த எஞ்சின்?

அடுத்த கேள்வி கனடாவுல இருந்து. "1990 மாஸ்டா மியாட்டா வச்சிருக்கேன், 1.6 லிட்டர் எஞ்சின். கிராங்க் புல்லி ஆடுது, இழுவையும் குறைஞ்சிருச்சு. மெக்கானிக் எஞ்சினையே மாத்தணும்னுட்டார். அதே 1.6 போடவா, 1.8 போடவா, ஹோண்டா கே24 போடவா?"

சார், உங்க வண்டிக்கு இது பிறவிக் கோளாறு. 91 நடுவுல வரைக்கும் வந்த 1.6ல கிராங்கோட, அதாவது பிஸ்டன் சுத்தவிடுற தண்டோட, முன்மூக்கு குட்டையா இருக்கும். டைமிங் பெல்ட் மாத்துறப்ப அந்த மூக்குல புல்லியைப் பிடிச்சிருக்கிற பெரிய போல்ட்டைச் சரியா முறுக்காம விட்டா, பெல்ட்டோட பல்சக்கரம் ஆடி ஆடி, அதைத் தண்டோட பூட்டுற சின்ன உலோகத் துண்டு (கீ) உட்கார்ற பள்ளத்தையே தேய்ச்சிடும். டைமிங் தள்ளிப்போகும், இழுவை போயிடும். லேசான தேய்மானம்னா லாக்டைட் பசை போட்டு உட்காரவச்சு ஓட்டுறவங்க இருக்காங்க. அதனால முதல்ல போல்ட்டைக் கழட்டி அந்தப் பள்ளத்தைப் பாக்கச் சொல்லுங்க. எஞ்சினை இறக்குறது அப்புறம்.

பள்ளம் முழுக்கப் போயிருச்சுன்னா, என் ஓட்டு 1.8க்குத்தான். 94ல இருந்து 97 வரைக்கும் வந்த மியாட்டாவோடது. 116 குதிரை 128 ஆகுது, 96, 97ல வந்ததுன்னா 133; இதுக்கா இவ்வளவுன்னு தோணும். ஆனா டார்க், அதாவது முறுக்கு விசை, 136ல இருந்து குறைஞ்சது 149 நியூட்டன் மீட்டர் ஆகுது. ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டியில அது நல்லாவே தெரியும். உங்க கியர்பாக்ஸ் அப்படியே பூட்டிக்கும். கிளட்ச் மட்டும் பெரிசு, ஃப்ளைவீலோட சேர்த்து வாங்கிடுங்க.

வாங்குறப்ப வெறும் எஞ்சினை வாங்காதீங்க. இடிபட்ட வண்டி ஒன்னைப் பிடிச்சு ஈசியூ (எஞ்சினோட கம்ப்யூட்டர்), வயரிங், ஏர் ஃப்ளோ சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலேருந்து எடுங்க. பழைய 1.6 ஈசியூ, காத்தை அளக்கிற ஏர் ஃப்ளோ மீட்டரை வச்சும் ஓடும், ஓட்டுறாங்க. ஆனா அந்த மீட்டருக்குள்ள ஒரு மடல் இருக்கு, காத்து அதைத் தள்ளிட்டுதான் உள்ள போகணும். 1.8க்கு அது தொண்டையை நெரிக்கிற மாதிரி.

உங்க ஊர்ல ஃபோர்டு எஸ்கார்ட் ஜிடி எஞ்சின் சல்லிசா கிடைக்கும், அதுவும் இதே மாஸ்டா 1.8தான்னு யாராவது சொல்வாங்க. பொய் இல்ல. ஆனா அது முன்சக்கர வண்டி, எஞ்சின் குறுக்கால உட்கார்ந்திருக்கும். ஆயில் பேன், இன்டேக், கூலண்ட் போற வழின்னு ஒவ்வொன்னா மியாட்டாவோடதைத் தேடணும். மிச்சம் பிடிச்ச காசு அதுலயே போயிடும்.

கே24 அருமையான எஞ்சின், மறுக்கல. ஆனா கியர்பாக்ஸ் அடாப்டர், சப்ஃபிரேம், எக்ஸாஸ்ட், ஈசியூன்னு போடுற காசுல இன்னொரு மியாட்டா வாங்கலாம். போதாததுக்கு, 1.6 வண்டிக்குப் பின்னாடி இருக்கறது சின்ன டிஃப்ரன்ஷியல், அதாவது பின்சக்கரங்களுக்கு பலத்தைப் பிரிச்சுக் குடுக்கற பல்சக்கரப் பெட்டி; அந்த பலத்தைத் தாங்காது. டிராக்ல ஓட்டுற ஆளுன்னா வேற பேச்சு.

1.6தான் வேணும்னா கிராங்க் புல்லியில இருக்கற வெட்டுகளை எண்ணுங்க. நாலு இருந்தா அதே குட்டை மூக்கு, தொடாதீங்க. எட்டு இருந்தா நீள மூக்கு, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) பாத்து வாங்கலாம். எது போட்டாலும், எஞ்சின் வெளிய இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் மூணையும் மாத்திடுங்க. சரி, அடுத்த கேள்வி.