கெடு முடிந்தபின் வரும் பதில்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

டைம்அவுட், அதாவது நெட்வொர்க்கில் பதிலுக்காகக் காத்திருக்க நாம் வைக்கும் கெடு, என்றதுமே நமக்கு ஓர் எண்தான் நினைவுக்கு வருகிறது. ஐந்து விநாடி வைக்கலாமா, முப்பது வைக்கலாமா? எனக்கு அந்த எண்ணைவிட, கெடு முடிந்த மறுநொடி என்ன நடக்கிறது என்பதில்தான் கவலை.

கெடு வேண்டும், அதில் ஐயமே இல்லை. எதிர்முனையில் மின்சாரம் போய்விட்டால், படிப்பதற்காக மட்டும் காத்திருக்கும் சாக்கெட்டுக்கு, அதாவது இணைப்பின் நம் பக்க முனைக்கு, அது தெரியவே தெரியாது. எதிர்முனை இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிக்கும் கீப்அலைவ் வசதியைப் போட்டுவைத்தாலும், லினக்ஸ் வழக்கமான அமைப்பில் முதல் விசாரிப்பையே 7200 விநாடி கழித்துத்தான் அனுப்பும். இரண்டு மணி நேரம்!

சாதாரண சாக்கெட்டில் கெடுவை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடமே ஒப்படைத்துவிடலாம். ஒன்றுக்காக நின்றுவிடாமல் பல வேலைகளை மாறிமாறிக் கவனிக்கும் அசிங்க் நிரலில் அது செல்லாது. அங்கே சாக்கெட் காத்திருப்பதே இல்லை. தரவு இல்லையென்றால் உடனே திரும்பிவிடும். காத்திருப்பது, எந்த வேலை தயார் என்று பார்த்து அதை ஓட்டும் ஈவென்ட் லூப். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ரிசீவ்டைம்அவுட் என்ற சாக்கெட் அமைப்புக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, அசிங்க் அழைப்பு ஏன் அதை மதிக்கவில்லை என்று திகைப்பவர்கள் உண்டு. அது பதில் வரும்வரை நின்று காத்திருக்கும் சிங்க் அழைப்புகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே லூப்பில் ஒரு டைமர் வைக்கிறோம். நேரம் முடிந்தால் அது காத்திருக்கும் வேலையை, அதாவது டாஸ்க்கை, கேன்சல் செய்கிறது. 2022இல் வந்த பைத்தான் 3.11 இதற்கென்றே ஒரு வசதியைத் தந்தது.

இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. நாம் கேன்சல் செய்தது நம் காத்திருப்பை மட்டும்தான். கேள்வி கம்பியில் போய்விட்டது. சர்வர் பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. ஹோட்டலில் தோசை சொல்லிவிட்டு, நேரமாகிறதென்று எழுந்து போய்விடுகிறோம். அதே மேசையில் அடுத்து உட்கார்ந்தவர் முன்னால் நம் தோசை வந்து இறங்குகிறது.

இது கற்பனை அல்ல. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களுடைய உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. ஓப்பன்ஏஐ பின்னர் வெளியிட்ட விளக்கம் இதுதான்: ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு சர்வருடன் பேசும் பைத்தான் நூலகத்தில், கேள்வியை அனுப்பியபின், பதிலைப் படிக்குமுன் கேன்சல் ஆனால், அந்தக் கனெக்ஷன் மிச்சப் பதிலோடு அப்படியே பூலுக்கு, அதாவது மீண்டும் பயன்படுத்தச் சேர்த்துவைத்த கனெக்ஷன்களின் தொகுப்புக்கு, திரும்பிவிடும். அடுத்து அதை எடுப்பவருக்கு முன்னவரின் பதில் போய்ச் சேரும். சர்வரில் செய்த ஒரு மாற்றத்தால் அன்று கேன்சல்கள் திடீரென்று பெருகின. ஒன்பது மணி நேர இடைவெளியில் இயங்கிய பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பெயர், மின்னஞ்சல், கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்றது நிறுவனம். பெரும்பாலும் இது பிழையாகத்தான் முடியும், தரவின் வகை தற்செயலாகப் பொருந்தினால்தான் தவறான பதில் சரியானதுபோல் போய்ச் சேரும் என்றும் அது விளக்கியது. பிழைச்செய்தி வந்தாலாவது யாராவது கவனிப்பார்கள். சரியான வடிவத்தில் வந்த தவறான பதிலை நிரல் எப்படிச் சந்தேகிக்கும்?

அதனால் வரிசைப்படி கேள்வி-பதில் நடக்கும் கனெக்ஷன் என்றால், பாதியில் கெடு முடிந்ததும் அதை மூடிவிடுங்கள். பூலுக்குத் திருப்பாதீர்கள். புதிய கனெக்ஷனுக்குச் சில மில்லிவிநாடி செலவாகும், ஆகட்டும். ஹெச்டிடிபி 2 போல ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண் இருக்கும் நெறிமுறையில் இந்தக் கவலை இல்லை. அங்கே அந்த ஒரு கேள்விக்கான ஸ்ட்ரீமை மட்டும் ரத்து செய்தால் போதும்.

இன்னொன்று: ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனிக் கெடு வைத்தால், நாலு நொடிக்கு ஒரு பைட் அனுப்பும் சர்வர் உங்கள் ஐந்து நொடிக் கெடுவை ஒருநாளும் மீறாது. முழு வேலைக்கும் சேர்த்து ஒரே கெடு வையுங்கள்.

இன்று மாலையே சோதித்துப் பார்க்கலாம். கெடு முடிந்து ஒரு விநாடி கழித்துப் பதில் சொல்லும் போலி சர்வர் ஒன்றை எழுதுங்கள். இரண்டு வெவ்வேறு கேள்விகளை அடுத்தடுத்து அனுப்புங்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில் யாருடையது என்று பாருங்கள்.