மயில் பெடை எதைப் பார்க்கிறது?

வணக்கம் நண்பர்களே. விராலிமலை அடிவாரத்திலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் ஓர் ஆண்மயில் கால் மணி நேரமாகத் தோகையை விரித்து ஆடிக்கொண்டிருக்கிறது; அதற்கு எதிரில் நிற்கும் பெடையோ தரையில் எதையோ கொத்திக்கொண்டிருக்கிறது. அந்த அலட்சியத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

மழைமேகத்தைக் கண்டு மயில் ஆடுகிறது என்று கேட்டே நாம் வளர்ந்தோம். உண்மையில் அது ஆடுவது பெடைக்காக. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மயில்கள் ஆளுக்கொரு சிறு இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நின்று ஆடுகின்றன. இத்தகைய ஆடுகளத்தைப் பறவையியலார் ‘லெக்’ என்கிறார்கள். விளையாட்டு என்று பொருள்படும் சுவீடிய மொழிச் சொல் அது. பெடை வருகிறது, சில ஆண்களைப் பார்வையிடுகிறது, ஒன்றோடு இணைகிறது, போய்விடுகிறது. முட்டையிட்டு அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது முழுக்க அதன் பொறுப்பு. இரையோ கூடோ காவலோ ஆணிடமிருந்து கிடைக்கப்போவதில்லை என்னும்போது, பெடை ஏன் இவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இதற்கு நாம் அதிகம் கேட்டிருக்கும் விடை, இங்கிலாந்தின் விப்ஸ்நேட் பூங்காவில் மரியன் பெட்ரியும் அவருடைய குழுவினரும் செய்து 1991இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பெடை இணை சேர்ந்ததை முழுமையாகக் கவனிக்க முடிந்த 11 தடவைகளில் 10 தடவை, அது பார்வையிட்ட ஆண்களுள் எதன் தோகையில் பீலிக் கண்கள் அதிகமோ அந்த ஆணையே தேர்ந்தெடுத்திருந்தது. பின்னர் சில ஆண்களின் தோகையிலிருந்து 20 கண்களை வெட்டி நீக்கியபோது, அவற்றுக்குக் கிடைத்த இணைகள் குறைந்தன. அலங்காரம் மிகுந்த ஆண்களின் குஞ்சுகள் நன்றாக வளர்ந்ததையும் அதிகமாகப் பிழைத்ததையும் 1994இல் அவர் காட்டினார். அதன் பிறகு, பெடை கண்களை எண்ணிப் பார்த்து மாப்பிள்ளை தேடுகிறது என்பது கிட்டத்தட்ட முடிந்துபோன கதையாகவே சொல்லப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் ஐயம் உண்டு. ஐயப்படுவதற்குக் காரணமும் உண்டு. ஜப்பானின் இசு கள்ளிப் பூங்காவில் உலவும் மயில்களை மரிகோ தகாஹாஷி குழுவினர் 7 ஆண்டுகள் கவனித்து, 268 இணைசேர்தல்களைப் பதிவுசெய்தார்கள். கண்களின் எண்ணிக்கைக்கும் ஆணின் வெற்றிக்கும் எந்தத் தொடர்பும் அவர்களுக்குப் புலப்படவில்லை. 2008இல் வெளிவந்த இந்த முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கனடாவின் ராஸ்லின் டேகினும் ராபர்ட் மாண்ட்கோமரியும் 2011இல் அதை ஓரளவு தீர்த்துவைத்தார்கள். இயல்பான தோகையுள்ள ஆண்களிடையே எண்ணிக்கை பெரிதாக வேறுபடுவதில்லை என்றும், இறகுகள் வெகுவாகக் குறைந்துபோன ஆண்தான் ஒதுக்கப்படுகிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். அதாவது எண்ணிக்கை என்பது பரிசுக்கான மதிப்பெண் அன்று. தேர்ச்சிக்கான வரம்பு மட்டுமே. அந்த வரம்பைத் தாண்டிய பிறகு, கண்ணின் நீலப்பச்சை மினுமினுப்பே பெடையின் முடிவில் பெரும்பங்கு வகிப்பதாக 2013இல் அதே இருவரும் எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதே 2013இல்தான் வந்தது. ஜெசிகா யோர்சின்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் பெடையின் தலையில் சிறு கேமராக்களைப் பொருத்தி, அதன் விழி எங்கே செல்கிறது என்று பதிவுசெய்தார்கள். ஆண் ஆடும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அது ஆணைப் பார்க்கவில்லை. பார்த்த சிறிது நேரத்திலும் பார்வை தோகையின் கீழ்ப்பகுதியிலேயே அதிகம் நின்றது. நாம் வியந்து படமெடுக்கும் மேல்வளைவை அது பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. என்னிடமுள்ள பழைய காட்சிகளை நேற்று எடுத்துப் பார்த்தேன்: எல்லாவற்றிலும் கேமரா மேலே நோக்கியிருக்கிறது, கீழ்ப்பகுதி புல்லில் மறைந்து கிடக்கிறது. மயிலுக்கு நான் நல்ல ஒளிப்பதிவாளனாக இருந்ததில்லை.

ஆட்டம் கண்ணுக்கு மட்டுமானதும் அன்று. ஆண் தோகையை வினாடிக்கு ஏறத்தாழ 25 முறை அதிரச் செய்கிறது. பெடையின் கொண்டை இறகுகளும் ஏறக்குறைய அதே வேகத்தில் அதிரும் தன்மை உடையவை என்று 2018இல் கண்டறிந்தார்கள். ஆணின் அதிர்வைப் பெடை தன் தலையில் உணரக்கூடும் என்பதே இதன் பொருள்.

இன்னொன்று, சற்றுத் திருட்டுத்தனமானது. இணைசேரப் பாயும்போது ஆண் ஒரு தனிக் குரல் எழுப்பும். டேகினும் மாண்ட்கோமரியும் பதிவுசெய்த அத்தகைய குரல்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அருகில் பெடையே இல்லாதபோது எழுப்பப்பட்ட பொய்க் குரல்கள். பதிவான குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தபோதும், அதைக் கேட்டுப் பெடைகள் தேடி வந்தன. சற்றுமுன் அந்தப் புதருக்கு அப்பாலிருந்து அதுபோன்ற ஒரு குரல் கேட்டது. அங்கே பெடை இருக்கிறதா என்று நானும் போய்ப் பார்க்கிறேன்.